எக்ஸ்சேஞ்ச் ஐயா சொன்ன ‘ஆகட்டும்’

கடைசித் தவணைப் பணத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாளே, அங்கேதானே போன வாரம் அவளை விட்டோம்? இன்னும் பஸ்ஸில்தான் இருக்கிறாள். ஜன்னலோரம் இரண்டு சீட் காலி. ஆனாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை.

கைப்பையில் நாற்பத்தோராயிரத்து அறுநூறு. இதைக் கட்டிவிட்டால் கடன் முடிந்தது.

புதிதாகச் சேர்ந்துகொண்டவர்களுக்கு இரண்டு வரி. இவள் ஒரு துணிக்கடையின் பின்னறையில் ஆல்டரேஷன் தையல்காரி. நீளமான பேன்ட்டைச் சின்னதாக்குவது, இறுக்கமான சட்டையைப் பிரித்து விடுவது, அதுதான் வேலை. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். இருக்கிற வேலை போதாதென்று மூன்று வருஷத்துக்கு முன்னால் லிஃப்ட் உதிரிபாகக் கடை ஒன்று வைத்தான். பதினோரு மாதத்தில் ஷட்டரை இறக்கினான். கடனை வாங்கியது தன் அப்பா பெயரில், அவருடைய பென்ஷனைக் காட்டி.

அன்றைக்கு வீட்டு நிர்வாகத்தைக் கையில் எடுத்தவள்தான். ‘மந்திரி’ என்று அவன் வைத்த பட்டப்பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மந்திரி சும்மா இருப்பாளா? பற்பசை ட்யூபைக் கத்தரிக்கோலால் வெட்டி வழித்தார்கள். நேற்றைய ரொட்டியைப் பாதி விலைக்கு வாங்கினார்கள். பஸ்ஸில் ஒரு ஸ்டேஜ் மிச்சம் பிடிக்க இரண்டு நிறுத்தம் நடந்தார்கள். நடுவில் நைந்துபோன படுக்கை விரிப்பை நெடுக வெட்டி, ஓரத்தை நடுவுக்குக் கொண்டுவந்து தைத்துப் போட்டாள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள். யாருக்கு எது வேண்டுமானாலும் முதலில் அதில் எழுத வேண்டும். ஏழு நாள் கழித்தும் அது வேண்டும் என்று தோன்றினால்தான் வாங்கலாம். அந்த வீட்டில் அதற்குப் பெயர் ‘ஊறப்போடுவது’. செருப்பு ஊறும், குடை ஊறும், பாதிக்கு மேல் ஊறியே காணாமல் போகும்.

இப்படி இருபத்தேழு மாதம். கட்டிய தொகையை ஒவ்வொரு மாதமும் சமையலறைக் காலண்டரில் எழுதி, மீதியைச் சிவப்பு மையில் குறித்து, அவளே கை தட்டிக்கொள்வாள். பைத்தியம் மாதிரி இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டுமே!

ஃபைனான்ஸ் ஆபீஸில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கணக்கு எண்ணைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள்.

“குளோஸ் பண்ணவா வந்திருக்கீங்க? நேத்துதானே மேடம் புதுசா எடுத்தீங்க?”

“என்னது புதுசா?”

“டாப்-அப் லோன். மூணு லட்சம். இன்னிக்குக் காலையில ஏழு மணிக்கே பெரியவர் கணக்குல ஏத்தியாச்சு.”

 இவள் கண்ணாடியில் இருந்த ஓட்டை வழியாக முகத்தையே உள்ளே நுழைத்துவிடுகிற மாதிரி குனிந்தாள்.

“நாங்க யாரும் கேக்கலயே! ஆளு மாறிப் போட்டிருக்கீங்க, நல்லாப் பாருங்க.”

“பெரியவரே போன்ல சம்மதம் சொல்லியிருக்காரு. ரெக்கார்டிங் இருக்கு. வேணும்னா கேளுங்க.”

கேட்டாள். ஒரு பெண் குரல் கடகடவென்று ஒப்பித்தது. “ஐயா, நீங்க ஒழுங்கா பணம் கட்டுறதால மேற்கொண்டு மூணு லட்சம் தர்றோம். சம்மதமா?”

“ஆகட்டும்ங்க” என்றது மாமனாரின் குரல். கணீரென்று இருந்தது.

“அஞ்சு வருஷத் தவணை, வட்டி பதினாறு பர்சன்ட். சம்மதமா?”

“ஆகட்டும்ங்க.”

“நாளைக் காலையில பணம் உங்க கணக்குக்கு வந்துடும்.”

“ஆகட்டும்ங்க. ரொம்ப நன்றி. இணைப்புலயே இருங்க.”

கேட்டீர்களா கூத்தை! பதினாறு வட்டிக்கு நன்றி சொன்ன முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார்.

மேனேஜர் நல்ல மனிதர். குறைந்தபட்சம் முகத்தையாவது நல்லவிதமாக வைத்திருந்தார். “கேன்சல் பண்ணலாம்மா. ஆனா பணம் ஏறின அன்னிக்கே பண்ணணும். நாலு மணிக்குள்ள மூணு லட்சமும் அப்படியே திரும்பி வந்துடணும், ஒரு காசு குறையக்கூடாது. அவரும் நேர்ல வந்து, அதே ரெக்கார்டிங் லைன்ல, தன் வாயால வேண்டாம்னு சொல்லணும்.”

“நாலு மணி தாண்டிட்டா?”

“லோன் லோன்தான்.”

மணி ஒன்று இருபது. வீட்டுக்குப் போன் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. நான்கு முறை அடித்தும் யாரும் எடுக்கவில்லை. புருஷனுக்கு அடித்தாள். அவன் ஏதோ ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் கூண்டின் தலையில் நின்றுகொண்டிருப்பான். அங்கே நிற்கும்போது போனைத் தொடக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். “மாமா பேர்ல மூணு லட்சம் புதுக் கடன் ஏறியிருக்கு. நாலு மணிக்குள்ள கேன்சல் பண்ணணும். எப்போ கேக்குறீங்களோ அப்பவே ஃபைனான்ஸ் ஆபீஸுக்கு வாங்க” என்று பேசி அனுப்பினாள்.

பிறகு, இருபத்தேழு மாதத்தில் முதல் தடவையாக, டாக்ஸிக்குக் கை காட்டினாள். வழியெல்லாம் ரோட்டைப் பார்க்கவில்லை, மீட்டரைத்தான் பார்த்தாள்.

மாமனாரைத் தெருவில் எல்லோரும் ‘எக்ஸ்சேஞ்ச் ஐயா’ என்பார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தெட்டு வருஷம் ஆபரேட்டர். சட்டையை இன்றைக்கும் இஸ்திரி போட்டுத்தான் போடுவார். ரிட்டயரானவர்களுக்குச் சேர வேண்டிய அரியர் பணம் ஒன்று பல வருஷமாகக் கோர்ட்டில் கிடக்கிறது. “அரியர் வரட்டும், அப்புறம் பாரு” என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். காது மட்டும் கொஞ்ச வருஷமாகச் சரியில்லை. அதற்கு மிஷின் இருக்கிறது.

இருக்கிறதுதான். எங்கே? மாத்திரை டப்பாவுக்குள்!

அவள் மூச்சிரைக்க மூன்று மாடி ஏறிக் கதவைத் திறந்தபோது, அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, வந்த கடித உறைகளைப் பிரித்து, எழுதுவதற்குத் துண்டுத் தாளாக வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டப்பா. அதற்குள் இரண்டு காது மிஷினும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. மேஜையில் போன் வெளிச்சம் காட்டிக் காட்டி ஓய்ந்துபோயிருந்தது.

“என்னம்மா, சீக்கிரமே வந்துட்டே? கட்டியாச்சா? முடிஞ்சுதா?” என்றார் சிரித்துக்கொண்டே.

“மாமா, நேத்து போன்ல யாருகிட்ட பேசினீங்க?”

“ஆமாம்மா, ஆமாம்மா.”

“மிஷினை ஏன் கழட்டி வெச்சீங்க?” என்று காதைத் தொட்டுக் காட்டிக் கத்தினாள்.

அது புரிந்தது. அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது பாருங்கள், அதை அவள் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். “அதுவா! காலையில பத்து மணிக்குக் கழட்டினா நீங்க வர்ற வரைக்கும் போடமாட்டேன். ஒரு வாரம் வர்ற பாட்டரி மூணு வாரம் வருதும்மா. யாருக்கும் சொல்லல. கடன் முடியற அன்னிக்கு, நானும் இவ்ளோ மிச்சம் பிடிச்சேன்னு சொல்லலாம்னு இருந்தேன். முந்தாநேத்து அதுவும் தீந்துபோச்சு. அதனால என்ன, ஒரு வாரம் ஊறட்டும்.”

“உங்களை யாரு மாமா மிச்சம் பிடிக்கச் சொன்னா!”

கத்தினாள். அவருக்குக் கேட்கவில்லை. உதட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பி ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். தாளில் மூன்றாவது வரி, அவருடைய குண்டு குண்டுக் கையெழுத்து: ‘காது பாட்டரி, ஒரு அட்டை.’ அதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் ‘அவசரமில்லை’ என்று அவரே எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவள் அதைப் பார்த்தாள். பரவாயில்லையே, மாமாவும் தேறிவிட்டாரே என்று சந்தோஷம்கூடப் பட்டாள். இப்போது நினைத்தால் கூசியது. ஒரு மனிதர் நாள் முழுக்கக் காது கேட்காமல் உட்கார்ந்திருந்ததை வரவில் வைத்தவள் அவள்தானே?

அழுவதற்கு நேரமில்லை. அவர் வெட்டி அடுக்கியதிலேயே ஒரு தாளை எடுத்து, நடந்ததை எழுதி நீட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இரண்டாம் தடவை படித்தார். 

“லோனா அது? பென்ஷன் ஆபீஸ்லேருந்து, உயிரோட இருக்கேனான்னு கேக்குறாங்கன்னுல்ல நெனச்சேன்!”

“கேக்கலன்னு சொல்லியிருக்கலாமே மாமா!” இதையும் எழுதினாள்.

“எப்படிம்மா சொல்றது?” அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “முப்பத்தெட்டு வருஷம் அந்த சீட்ல உக்காந்தவன். கூப்பிட்டவங்ககிட்ட ‘கேக்கல’ன்னு ஒரு நாள் சொன்னதில்ல. சொன்னா மெமோ குடுப்பாங்க. எவ்ளோ இரைச்சலா இருந்தாலும் ‘ஆகட்டும்ங்க’ன்னு சொல்லி லைனைக் குடுக்கணும். அதே வாய்தானே இது?”

இந்த மனிதரை என்ன செய்வது? திட்டவும் முடியாது, கொஞ்சவும் முடியாது. செருப்பை எடுத்து அவர் காலருகில் போட்டாள்.

மருந்துக்கடையில் பாட்டரி ஒரு அட்டை வாங்கினாள். விலை கேட்கவில்லை. அங்கேயே நின்று மிஷினில் போட்டு மாட்டிவிட்டாள். ஒரு லாரி ஹாரன் அடிக்க, அவர் துள்ளிக் குதித்தார். “நல்லாக் கேக்குதும்மா” என்றார், குற்றவாளி மாதிரி.

மறுபடியும் டாக்ஸி. வழியில் இரண்டு தடவை ரயில்வே கேட்டை மூடிவிட்டார்கள். ஆபீஸ் வாசலில் இறங்கும்போது மணி மூன்று ஐந்து. மாமனார் கையெழுத்துப் போட்டார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அவர் கணக்கைத் திறந்து பணத்தைத் திருப்பி எடுக்கப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள்.

“மேடம், பணம் குறையுது. ரெண்டு லட்சத்து எண்பத்திரண்டாயிரம்தான் இருக்கு.”

“எப்படிக் குறையும்?”

“காலையில எட்டே காலுக்கு ஏ.டி.எம்.ல எடுத்திருக்காங்க. பென்ஷன் பணம் ஒரு தடவை. அதுக்கப்புறம் தனியா பதினெட்டாயிரம்.”

மாமனாரின் கார்டு அவள் புருஷனிடம்தான் இருக்கும். ஒன்றாம் தேதி பென்ஷனை எடுத்து வருவது அவன் வேலை. அதற்கு மேல் ஒரு காசு அவன் தொட்டதில்லை. இன்றைக்கு எதற்குத் தொட்டான்? அவள் மறுபடி போன் அடித்தாள். எடுக்கவில்லை. மணி மூன்று பத்து.

கைப்பைக்குள் கையை விட்டாள். நோட்டுக் கட்டு வெதுவெதுப்பாக இருந்தது. இதிலிருந்து பதினெட்டாயிரத்தை எடுத்தால் மூன்று லட்சம் ஆகிவிடும், புதுக் கடன் ஒழியும். ஆனால் பழைய கடன் முடியாது. இன்றைக்கு முடியவே முடியாது. இந்த ஒரு நாளுக்காகத்தானே இருபத்தேழு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்? கை பைக்குள்ளேயே இருந்தது, வெளியே வர மாட்டேன் என்றது.

“என்னம்மா, எவ்ளோ குறையுதாம்?” என்றார் மாமனார். கேட்டுவிட்டது அவருக்கு. எல்லாம் கேட்டது.

“ஒண்ணுமில்ல மாமா. இருக்கு எங்கிட்ட.”

பதினெட்டாயிரத்தை எண்ணிக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். கண் எரிந்தது. மிச்சம் இருந்த இருபத்து மூவாயிரத்து அறுநூறைப் பழைய கடனில் கட்டினாள். பாக்கி பதினெட்டாயிரம் என்று ரசீது வந்தது.

அடுத்து ரெக்கார்டிங். மாமனாரை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து ரிசீவரைக் கையில் கொடுத்தார்கள். ரிசீவரைப் பிடித்ததும் மனிதர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துவிட்டார். பழக்கம்!

“ஐயா, மூணு லட்சம் டாப்-அப் லோனை ரத்து செய்யச் சொல்லியிருக்கீங்க. வட்டியில ஒரு பர்சன்ட் குறைச்சுத் தர்றோம், லோனை வெச்சுக்குறீங்களா?”

“ஆக...”

அவள் அவர் தோளைப் பிடித்து அழுத்திய அழுத்தத்தில் சட்டையின் இஸ்திரி கலைந்தது.

“வேண்டாங்க” என்றார் மெதுவாக.

“சரியாக் கேக்கல ஐயா, தெளிவாச் சொல்லுங்க.”

அவ்வளவுதான், அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “கேக்கலயா? உக்காந்த சீட்ல இருந்துக்கிட்டுக் கேக்கலன்னா சொல்றே? வேண்டாம்! வேண்டாம்னா வேண்டாம்! உங்க லோனும் வேண்டாம், நீயும் வேண்டாம்!”

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். மூன்று இருபத்தெட்டுக்குப் புதுக் கடன் ரத்து. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ரத்துச் சீட்டில் முத்திரை போட்டுத் தரக் கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். மாமனாரை ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்துவிட்டு, காற்று வேண்டும் போலிருக்க வாசல் படிக்கு வந்தாள்.

அவன் வந்துகொண்டிருந்தான். கம்பெனிச் சட்டை, முழங்கை வரை கிரீஸ். ஓடி வந்திருக்கிறான்.

“மந்திரி! இப்பதான் போனைக் கேட்டேன். என்னாச்சு? கேன்சல் ஆச்சா?”

“ஆச்சு. நம்ம கடன்தான் முடியல. இன்னும் பதினெட்டாயிரம் இருக்கு.”

 அந்தத் தொகையைக் கேட்டதும் அவன் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டான்.

“காலையில அப்பா கணக்குல எடுத்தீங்களே, எதுக்கு?”

“மூணு லட்சத்தைப் பாத்ததும் அரியர்தான் வந்துடுச்சுன்னு நெனச்சுட்டேன் மந்திரி. சத்தியமா. சாயங்காலம் வந்து சொல்லலாம்னு...”

“சரி, அரியர்னே வெச்சுக்குவோம். பணத்தை என்ன பண்ணீங்க?”

“எங்க ஸ்டோர் கீப்பருக்குக் குடுத்தேன். அவர் பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணும்னு நச்சரிச்சுட்டே இருந்தாரு.”

“அவருக்கு நாம ஏன் குடுக்கணும்?”

மென்று விழுங்கினான். “வாங்கியிருந்தேன்.”

“எதுக்கு வாங்கினீங்க? குடிச்சீங்களா? சீட்டு ஆடினீங்களா? மறுபடியும் ஏதாவது கடை கிடைன்னு...”

“உங்கிட்ட குடுக்கத்தான்.”

அவளுக்குப் புரியவில்லை. அவன் கையில் இருந்த கிரீஸைச் சட்டையில் துடைத்துத் துடைத்து, சட்டையையும் பாழாக்கிக்கொண்டிருந்தான்.

“கம்பெனியில ஓவர்டைம நிறுத்தி ஏழு மாசம் ஆச்சு. மாசா மாசம் உங்கிட்ட ஆறாயிரம் குடுத்தேனே, அது கடன் வாங்கித்தான் குடுத்தேன்.”

“அப்போ வாரத்துல மூணு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தீங்களே?”

“மோட்டார் ரூம்ல உக்காந்திருப்பேன். மணியானதும் கிளம்பி வருவேன்.”

ஏழு ஆறு நாற்பத்திரண்டு. வேண்டாம் என்றாலும் அவள் மனசு கணக்குப் போட்டுவிட்டது. நாற்பத்திரண்டாயிரம். இன்றைக்குப் பையில் கொண்டுவந்ததைவிட நானூறு அதிகம். அப்படியென்றால் ஏழு மாதமாக அவன் பங்குக்குக் கடன் குறையவே இல்லை. ஒரு பக்கம் அடைந்து இன்னொரு பக்கம் முளைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. ஒருவர் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், இன்னொருவன் மோட்டார் ரூமில் உட்கார்ந்திருந்தான், அவள் நடுவில் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் என்ன கடிச்சுத் தின்னுடுவேனா?”

“கடனை இழுத்து விட்டவன் நான். வாயத் தொறந்து எப்படிச் சொல்றது? ஒண்ணாந்தேதி ஆனா அந்தக் காலண்டர்ல நீ எழுதுவியே, அப்போ உன் முகத்தை நீ பாத்ததில்ல மந்திரி. நான் பாத்திருக்கேன். அந்த மாசம் எழுத முடியாமப் போயிடுமோன்னு பயந்து முதல் தடவ வாங்கினேன். அடுத்த மாசமும் பயம் வந்துச்சு.”

திட்டத்தான் வாயைத் திறந்தாள். ஏழு மாதம் ஏமாற்றியிருக்கிறான், பளாரென்று ஒன்று விட்டாலும் தப்பில்லை. ஆனால் அவன் நின்ற நிலை அவளைத் தடுத்தது. ஆத்திரமும் பாவமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருந்ததில் குரல் கரகரத்தது.

“எத்தனை பேர்கிட்ட?”

அவன் வலது கையை விரித்தான். கட்டைவிரலில் ஆரம்பித்து, உதட்டுக்குள் பெயர் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக மடக்கினான். ஐந்தும் மடங்கின. ஐந்து பேர். சரி, ஐந்து பேர்தானே, எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று அவள் மூச்சை விட்டாள்.

அவன் இடது கையை விரித்தான்.